ஒன்றையொன்று பார்த்து நின்ற வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாக்கோ பள்ளத்தாக்கைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்தப் பகுதிப் பழங்குடிகளான புவெப்லோ மக்களின் முன்னோர் அங்கே கல்லால் எழுப்பிய பெரும் கட்டடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுவதும் சாக்கோதான். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறியவன் நான். ஒரு மேட்டில் நின்று இன்னொரு மேட்டைப் பார்ப்பது என்பது எனக்கு வயிற்றுப்பாடாக இருந்த வேலை. மகள் அதே மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் குடியேறிய பிறகு சாக்கோவுக்கு இரண்டு முறை போய்வந்தேன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

“பெருமனை” என்று எழுதியிருந்தீர்கள். அது அரண்மனையா, கோயிலா, அடுக்குமாடிக் குடியிருப்பா?
— மன்னார்குடி வாசகி

மூன்று சொல்லுமே முழுதாகப் பொருந்தாது. அதனால்தான் பொதுவாகப் பெருமனை என்றேன். பெரியவற்றுள் ஒன்றான புவெப்லோ பொனிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத் தரைப்படம், சில இடங்களில் நான்கு மாடி, அறுநூற்றைம்பதுக்குக் குறையாத அறைகள், நடுவே முற்றம், முற்றத்தில் தரைக்குள் இறங்கும் வட்ட வடிவச் சடங்குக் கூடங்கள். இந்தக் கூடத்துக்குக் கீவா என்று பெயர். இன்றும் புவெப்லோ ஊர்களில் கீவா உண்டு. கட்டுமானம் 850 வாக்கில் தொடங்கி 1130 வரை தலைமுறை தலைமுறையாக நீண்டது.

இத்தனை அறைகளில் அடுப்பு உள்ளவை மிகக் குறைவு. ஆகவே எல்லா அறைகளிலும் குடும்பம் குடியிருந்தது என்று சொல்ல முடியாது. சேமிப்பு, சடங்கு, தொலைவிலிருந்து வருகிறவர்கள் தங்குவது என்று பலவும் கலந்த இடம். ஒரே அறையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உருளை வடிவ மண்ஜாடிகள் கிடைத்தன. இவ்வகை ஜாடிகளின் துண்டுகளைச் சோதித்து, கொக்கோ பானத்தின் தடம் இருப்பதாக ஆய்வாளர்கள் பட்ரீசியா கிரவுனும் ஜெஃப்ரி ஹர்ஸ்ட்டும் 2009இல் வெளியிட்டார்கள். கொக்கோ விளைவது தெற்கே, மெக்சிகோவிலும் அதற்கு அப்பாலும். கூரைகளுக்குப் போட்ட உத்தரங்கள் சூனி மலையிலிருந்தும் சுஸ்கா மலையிலிருந்தும் வந்தவை. ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரம். பள்ளத்தாக்கு முழுவதற்கும் சேர்த்து இரண்டு லட்சம் மரங்களுக்குமேல் என்பது கணக்கு. சக்கரம் இல்லை, வண்டி மாடு இல்லை, குதிரை இல்லை. எல்லாம் தோள்.

சுவரைக் கிட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். நடுவே கரடுமுரடான கல்லும் மண்சாந்தும்; இரு பக்கமும் விரல் பருமனுள்ள மணற்கல் தகடுகளைப் படுக்கவைத்து அடுக்கிய முகப்பு. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் நகக்கண் அளவுள்ள சில்லுகளைச் செருகியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு மேலே பூச்சு பூசி அத்தனையையும் மறைத்தும் இருக்கிறார்கள். மறைக்கப்போகும் வேலையை இவ்வளவு பொறுமையாகச் செய்த கொத்தனாரை நினைத்து வெகுநேரம் அங்கேயே நின்றேன். கிழக்குப் பக்க அறைகளில் ஒரு வாசலுக்கு நேரே அடுத்த வாசல், அதற்கு நேரே அடுத்தது என்று வரிசையாகத் திறந்திருக்கின்றன. குனிந்து பார்த்தால் வாசலுக்குள் வாசல் சிறுத்துக்கொண்டே போகிறது. பார்வைக் கோட்டை இந்த மக்கள் வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள் என்று அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

எந்த வீட்டிலிருந்து எந்த வீடு தெரியும்? பெயரோடும் தூரத்தோடும் சொல்லுங்களேன்.
— தென்காசி வாசகர்

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஒரு தாளை எடுத்து, கிழக்கு மேற்காக ஒரு வாய்க்கால் வரையுங்கள். அதுதான் பள்ளத்தாக்கு. இரு கரையும் செங்குத்தான மணற்கல் பாறை. கரைக்கு மேல் இரு பக்கமும் தட்டையான மேட்டுநிலம். புவெப்லோ பொனிட்டோவும், அதன் அண்டைவீடான செட்ரோ கெட்டலும் வடகரைப் பாறையின் அடிவாரத்தில், பள்ளத்துக்குள் இருக்கின்றன. அங்கே நின்றால் எதிர்ப் பாறையும் வானமும் தெரியும், தொலைவு தெரியாது. புவெப்லோ பொனிட்டோவின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பாறையின் மேல், மேட்டுநிலத்தில் இருக்கிறது புவெப்லோ ஆல்ட்டோ. ஸ்பானிய மொழியில் ‘உயர்ந்த ஊர்’. கட்டடம் ஒரே மாடிதான், இடம்தான் உயரம். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பது கண்.

அங்கே ஏறும் பாதை கின் கிளெட்சோ என்ற பெருமனைக்குப் பின்னால் தொடங்குகிறது. பாறையில் ஒரு வெடிப்பு. ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நுழைந்து மேலேறும் அகலம். எழுபது வயதில் அதில் ஏற மருமகன் பின்னாலிருந்து தாங்க வேண்டியிருந்தது. வெளியே வந்து நின்றதும் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. வடக்கே கொலராடோவின் பனிமலைகள், மேற்கே சுஸ்கா மலைத்தொடர், தெற்கே டெய்லர் மலை. நடுவே பழுப்பு நிறத்தில் முடிவே இல்லாத வெளி. அந்த வெளியில், வடக்கில் சற்றுக் கிழக்காக, தட்டையாக ஒரு மேடு தனியே நிற்கிறது. ஸ்பானியர்கள் அதற்கு வெர்ஃபானோ என்று பேர் வைத்தார்கள். ‘அநாதை’ என்று பொருள். அப்பகுதியில் இன்று வாழும் மற்றொரு பழங்குடியான நவஹோ மக்களுக்கு அது புனித மலைகளுள் ஒன்று. அவர்கள் அதை அநாதை என்று நினைப்பதில்லை. புவெப்லோ ஆல்ட்டோவிலிருந்து அது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்.

அந்த மேட்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 97 கிலோமீட்டர் போனால் கொலராடோவில் சிம்னி ராக். ஒடுங்கிய மலைமுதுகின் உச்சியில் ஒரு பெருமனை. அதன் கண்ணெதிரே இரட்டைத் தூண்போல் நிற்கும் இரண்டு பாறைகள். அங்குள்ள பள்ளத்தாக்கின் தரையிலிருந்து முந்நூறு மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே இல்லை. குடம் குடமாகக் கீழிருந்து ஏற்றியிருக்க வேண்டும். ஏன் அத்தனை பாடு? இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, 18.6 ஆண்டுக்கு ஒரு முறை நிலா தன் வடகோடி எல்லைக்குப் போகும் காலத்தில், அந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவே உதிக்கிறது. வானியலாளர் மெக்கிம் மால்வில் இதைக் கண்டு சொன்னார். உத்தரங்களின் மர வளையங்கள், மரம் வெட்டிய ஆண்டுகளாக 1076, 1093 என்று காட்டுகின்றன. நிலா அப்படி வடகோடிக்குப் போன இரண்டு காலங்களோடு அவை ஒட்டிவருகின்றன. இன்னொன்று, வெர்ஃபானோ மேடு அங்கிருந்து தெரிகிறது.

சிம்னி ராக்கிலிருந்து சாக்கோ நேராகத் தெரியாது. வெர்ஃபானோ இரண்டையும் பார்க்கும். ஃபார்மிங்டன் நகரத்துப் பள்ளி மாணவி ஒருவர் தன் அறிவியல் செய்முறைக்காக மூன்று இடத்திலும் கண்ணாடியோடு ஆட்களை நிறுத்தி, சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டி, செய்தி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் என்று நிரூபித்துக் காட்டினார். இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. நில அளவையில் ஹீலியோட்ரோப் என்ற கருவி செய்ததும் இதே வேலைதான்: தொலைவில் உள்ள நிலையத்திலிருந்து ஒரு சிறு கண்ணாடி வெயிலைத் திருப்பிவிடும், பகலில் நட்சத்திரம்போல் ஒரு புள்ளி மின்னும். அந்தப் புள்ளி ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்துவிட்டால் அன்றைய நாள் வெற்றி. ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு அது தோன்றியிருக்கிறது.

தென்கரைக்கு வாருங்கள். அங்கே மேட்டின் மேல் சின் கிளெட்சின் என்று ஒரு பெருமனை. புவெப்லோ ஆல்ட்டோவுக்கு ஏறக்குறைய நேர் தெற்கில், பள்ளத்தாக்குக்கு மறுபக்கம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் உள்ள பென்யாஸ்கோ பிளாங்கோ என்ற பெருமனையும் சின் கிளெட்சினிலிருந்து தெரியும். அந்த மேட்டிலேயே வேறு இடத்தில் கட்டியிருந்தால் இவற்றுள் ஏதாவது ஒன்று மறைந்துபோயிருக்கும். நானே கட்டடத்திலிருந்து சற்று விலகி நடந்து பார்த்தேன். தரை மெல்லத்தான் சரிகிறது, கண்ணுக்குச் சரிவு என்றே படாது. ஆனால் தொலைவில் இருந்த ஒரு சுவர் விளிம்பு புல்லுக்குள் இறங்கிவிட்டது. திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தது. நிலையக்கல் நடும் இடத்தைத் தேடி ஓர் உச்சியில் இப்படி முன்னும் பின்னும் நடப்பது என் இளமைக்காலம் முழுக்கச் செய்த வேலை. இந்த இடத்தைத் தேர்ந்தவரும் அப்படி நடந்திருக்கிறார். அந்தக் கால்தடத்தின் மேல் நிற்கிறேன் என்ற எண்ணம் உடம்பைச் சிலிர்க்கவைத்தது.

உயரமான இடத்தில் நின்றால் நாலு பக்கமும் தெரியத்தான் செய்யும். அதில் திட்டமிட்டது எது, தானாக அமைந்தது எது?
— பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர்

வந்த கடிதங்களில் கூர்மையான கேள்வி இதுதான். அந்த வெளியில் மரம் குறைவு, வானம் தெளிவு, மேடுகள் நிறைய. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மேட்டைச் சுட்டினாலும் ஒன்றிலிருந்து ஒன்று தெரிந்துவிடக்கூடும். ‘தெரிகிறது’ என்பது மட்டும் சான்றாகாது.

சோதிப்பதற்கு வழி உண்டு. நிலத்தின் உயரங்களைச் சிறு சிறு கட்டங்களாகக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பெருமனையிலிருந்தும் எந்தக் கட்டம் தெரியும், எது மறையும் என்று கணக்கிடலாம். யார் யாரைப் பார்க்கிறார் என்று கோடு போட்டால் வலைபோல் ஒரு படம் கிடைக்கும். தொல்லியலாளர் ரூத் வான் டைக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், பள்ளத்தாக்கும் வெளியூர்ப் பெருமனைகளும் சேர்ந்த சாக்கோ உலகம் முழுவதற்கும் இதைச் செய்து 2016இல் வெளியிட்டார்கள். என்னை அதில் ஈர்த்தது பெருமனைகளைவிடச் சின்னச் சின்ன வழிபாட்டிடங்கள்தான். மேட்டு விளிம்பில், யாரும் குடியிருக்காத இடத்தில், வில்போல் வளைந்த தாழ்ந்த சுவர். அவ்வளவுதான் கட்டடம். 1970களில் தொல்லியலாளர்கள் ஆல்டன் ஹேஸும் தாமஸ் வின்டெஸும் இவற்றைக் கவனித்தார்கள். ஒன்றில் கல் பாத்திரமும் அதற்குள் நீலப்பச்சை டர்க்வாய்ஸ் மணிகளும் இருந்தன. இவை எந்த இடங்களில் இருக்கின்றன என்று பாருங்கள்: பள்ளத்தாக்குக்கும் வெளியூர்ப் பெருமனைக்கும் நேர்ப்பார்வை அறுந்துபோகிற இடத்தில், இரண்டையும் பார்க்கும் விளிம்பில். இந்த வழிபாட்டிட வலை, பள்ளத்தாக்கையும் வெளியூர்களையும் பார்வையால் இணைக்கவே அமைந்தது என்பது 2016 ஆய்வின் முடிவு.

வீடு என்றால் தண்ணீர், வயல், வழி என்று நூறு காரணத்துக்காக ஓரிடத்தில் அமையலாம். காற்றும் வெயிலும் மட்டுமே உள்ள விளிம்பில் ஒரு வளைசுவருக்கு அந்தக் காரணம் எதுவும் இல்லை. அது பார்ப்பதற்காகவே அங்கே இருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த வளைசுவர்கள்தான்.

கணினி சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் தெளிவாகத் தெரியவேண்டிய ஒரு நிலையத்தை, மூட்டத்தால் பதினொரு நாள் பார்க்கமுடியாமல் ஒரு குன்றின் மேல் கூடாரத்தில் காத்துக்கிடந்தவன் நான். பன்னிரண்டாம் நாள் மழை பெய்து வெளுத்தபோது கொடி அங்கேயே இருந்தது. தெரியக்கூடியது வேறு, தெரிவது வேறு. சாக்கோவில் தெரிகிறது. அந்த வறண்ட காற்றில் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது.

97 கிலோமீட்டர் என்கிறீர்கள். பூமி உருண்டையாயிற்றே, நடுவில் மறைக்காதா?
— ஈரோடு, பிளஸ் டூ மாணவர்

மறைக்கும், தம்பி. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பூமியின் புடைப்பு, தூரத்தின் வர்க்கத்தைப் பூமி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 97ஐ 97ஆல் பெருக்கி, 6371ஐ எட்டால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுமார் 0.185 கிலோமீட்டர், அதாவது 185 மீட்டர் வரும். காற்று ஒளியைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் நடைமுறையில் இதிலும் கொஞ்சம் குறையும். இரு முனைகளும் இடைப்பட்ட நிலத்தைவிட அந்த அளவுக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். நடுவில் வேறு மலை குறுக்கிடக் கூடாது. சிம்னி ராக் பெருமனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர். வெர்ஃபானோ உச்சியும் கிட்டத்தட்ட அதே உயரம். அதனால் பார்வை தப்பிவிடுகிறது. சிம்னி ராக்கிலிருந்து சாக்கோவுக்கு நேராக என்றால் 137 கிலோமீட்டர். புடைப்பு 368 மீட்டர் ஆகிவிடும், சாக்கோ முனையோ தாழ்வு. தூரம் இரு மடங்கானால் புடைப்பு நான்கு மடங்காகும். இடையில் ஒரு நிலையம் போட்டால் சுமை அப்படியே குறைகிறது. அதற்குத்தான் வெர்ஃபானோ. நீ வேறு தூரங்களுக்குப் போட்டுப்பார்த்து எழுது.

நெருப்பா, புகையா, கண்ணாடியா? எதைச் சொல்லியிருப்பார்கள்?
— கோவை வாசகர்

வெர்ஃபானோ உச்சியிலும் சிம்னி ராக்கிலும் நெருப்பு எரித்த குழிகள் பதிவாகியுள்ளன. இரவில் நெருப்பு என்பதுதான் எளிய விடை. 1970களில் ஆய்வாளர்கள் சாக்கோவைச் சுற்றியுள்ள உயரமான இடங்களில் இடத்துக்கு ஒருவராக நின்று, நெடுஞ்சாலையில் எச்சரிக்கைக்காகக் கொளுத்தும் ஒளிப்பந்தங்களை இரவில் ஏற்றிப் பார்த்தார்கள். அடுத்த நிலையத்தில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் தெரிந்தது. சுற்றியுள்ள பெருமனைகள் சிலவற்றில் மாடிக்கு மேல் மாடியாக எழுந்த கோபுரக் கீவாக்கள் உண்டு. தெற்கே கின் யாஆ என்ற பெருமனையில் நான்கு மாடி உயரம். நவஹோ மொழியில் அந்தப் பெயருக்கே ‘உயர்ந்த வீடு’ என்றுதான் பொருள்.

எதைச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு சின்ன யோசனை உதவும். ஒரு நெருப்பு எரிகிறது அல்லது எரியவில்லை. ‘மூன்று பேர் வருகிறோம், சோளம் எடுத்துவையுங்கள்’ என்று அது சொல்லாது. முன்பே பேசிவைத்த ஒன்றுக்கு ‘ஆம்’ என்று மட்டும் சொல்லும். திருவிழா நாள் குறித்தாயிற்று, நிலா பாறைகளுக்கு நடுவே வந்துவிட்டது, புறப்படுங்கள். விரிந்த செய்திக்கு ஆள்தான் ஓடவேண்டும். அதற்கும் இந்த மக்களிடம் நல்ல முறை இருந்தது. பல நூற்றாண்டுக்குப் பின், 1680 ஆகஸ்டில், ஸ்பானியர் ஆட்சிக்கு எதிராகப் புவெப்லோ ஊர்கள் ஒரே நேரத்தில் எழுந்தபோது, தலைவர் போப்பே முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் கையில் ஊர் ஊராக அனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். எழுத்து இல்லாமலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஒரு நாளைக் குறித்த மக்கள் அவர்கள்.

ஆனால் என் மனம் வேறு பக்கம் போகிறது. செய்தி அனுப்புவதையே நினைத்துக்கொண்டிருந்தால், எந்த நெருப்பும் எரியாத சாதாரண நாள்களை விட்டுவிடுவோம். அந்த நாள்கள்தான் அதிகம். விடியும்போது ஒருத்தி சிம்னி ராக் மாடியில் வெளியே வருகிறாள். தெற்கே அடிவானத்தில் ஒரு தட்டை மேடு. அதற்கு அப்பால் சாக்கோ. தன் தாத்தா மரம் சுமந்துபோன இடம். அடுத்த திருவிழாவுக்குத் தான் போகப்போகிற இடம். அந்த மேடு தெரிவதே போதும். வெளியூர்ப் பெருமனைகள் பலவும் தம்மைச் சுற்றியுள்ள சின்ன வீடுகளுக்கு நடுவே சற்று உயரத்தில், எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன. வயலில் குனிந்து வேலை செய்கிறவர் நிமிர்ந்தால் அது கண்ணில் படும். பார்ப்பதற்கு எவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டார்களோ, பார்க்கப்படுவதற்கும் அவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காவல், கண்காணிப்பு என்று மட்டும் இதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

சாலைகளும் இருந்தன என்று படித்தேனே?
— திருச்சி வாசகி

இருந்தன. ஒன்பது மீட்டர் அகலத்தில், மேடு பள்ளத்தைச் சுற்றாமல் நேராகப் போகும் சாலைகள். வண்டியே இல்லாத ஊரில் ஒன்பது மீட்டர் அகலம். பாறை குறுக்கிட்டால் படிக்கட்டு வெட்டியிருக்கிறார்கள். புவெப்லோ ஆல்ட்டோவில் பல சாலைகள் கூடுகின்றன. அங்கிருந்து வடக்குப் பெருஞ்சாலை ஐம்பது கிலோமீட்டருக்குமேல் கட்ஸ் பள்ளத்தாக்கு வரை போகிறது. சாலையை நேராகப் போடவும் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டைப் பார்த்தே ஆகவேண்டும். பார்வைக் கோடு முதலில், சாலை அதன் பிறகு. இதை அளவைக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

‘அனாசாசி’ என்பவர்களும் இவர்களும் ஒன்றா?
— யாழ்ப்பாண வாசகர்

ஒன்றே. ஆனால் அது நவஹோ மொழிச் சொல். ‘வேற்றாரின் முன்னோர்’, ‘பகைவரின் முன்னோர்’ என்ற பொருளில் விளக்கப்படுகிறது. ஹோப்பி, சூனி, ஆக்கோமா, லகூனா முதலான புவெப்லோ மக்கள் தங்கள் பாட்டன்மாரை அப்படிக் கூப்பிடுவதை விரும்புவதில்லை. அவர்கள் விரும்பாத பெயரை நாம் ஏன் சொல்லவேண்டும்?

இவ்வளவு பேரும் எங்கே மறைந்துபோனார்கள்?
— காரைக்குடி வாசகர்

மறையவில்லை. 1130 வாக்கில் தொடங்கிய வறட்சி ஐம்பது ஆண்டு நீடித்தது. புதுக் கட்டடம் எழுப்புவது நின்றுபோயிற்று. மக்கள் தண்ணீர் உள்ள இடங்களைத் தேடிப் போனார்கள். மேலே சொன்ன ஹோப்பி, சூனி முதலான ஊர்களில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் வாழ்கிறார்கள், சாக்கோவுக்கு வந்து வேண்டிக்கொண்டும் போகிறார்கள். ‘மர்மமாக மறைந்த இனம்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டை விட்டு வேறு ஊருக்குக் குடிபோன குடும்பத்தை யாரும் மர்மம் என்பதில்லை.

இன்று அந்தப் பார்வைக் கோடுகள் அப்படியே இருக்கின்றனவா? பாதுகாப்பு உண்டா?
— சென்னை வாசகி

கட்டடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 1907இலேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது. சிம்னி ராக் 2012இல் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. அங்கே வனத்துறை ஒரு காலத்தில் காட்டுத்தீயைப் பார்க்கக் கண்காணிப்புக் கோபுரம் கட்டியிருந்தது. அதே உச்சியில். எந்த இடம் எல்லாவற்றையும் பார்க்கும் என்று தேடிப்போனவர்களும் பழையவர்கள் தேர்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கோபுரத்தை எடுத்துவிட்டார்கள்.

கோடுகளின் கதை வேறு. சாக்கோவைச் சுற்றியுள்ள வெளி எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் பகுதி. 2023 ஜூனில் அன்றைய உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட், அவரே லகூனா புவெப்லோவைச் சேர்ந்தவர், சாக்கோ தேசியப் பூங்காவைச் சுற்றிப் பத்து மைல் தூரத்துக்குள் உள்ள மத்திய அரசு நிலங்களில் புதுக் குத்தகை விடுவதை இருபது ஆண்டுகளுக்கு நிறுத்தி ஆணையிட்டார். புவெப்லோ மக்கள் வரவேற்றார்கள். அங்கே நிலப் பங்கு உள்ள நவஹோ குடும்பங்கள் பல, தங்கள் குத்தகை வருமானம் போய்விடும் என்று எதிர்த்தன. இரு பக்கமும் வாழ்வோடு ஒட்டிய நியாயம் இருக்கிறது. தொலைவில் இருக்கும் நான் அதில் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓர் அளவைக்காரனாக இதைச் சொல்லியே ஆகவேண்டும். பத்து மைல் என்றால் பதினாறு கிலோமீட்டர். வெர்ஃபானோ நாற்பதில் இருக்கிறது. அங்கிருந்து சிம்னி ராக் 97. ஒரு வீட்டைச் சுற்றி வட்டம் போட்டு வேலி கட்டலாம். இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் பார்வைக்கு வட்டம் போதாது. நிலப்படத்தில் அந்தக் கோடுகளையும் வரைந்து, அவற்றையும் மரபுச் சின்னமாக எண்ணுகிற நாள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இரண்டாம் முறை புவெப்லோ ஆல்ட்டோவில் நின்றபோது தொலைநோக்கி கொண்டுபோயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, வெயில் எனக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. வெர்ஃபானோ மேட்டைத் தேடிப் பிடித்தேன். உச்சியின் தட்டை விளிம்பில் மெல்லிய மயிரிழைகள்போல் ஏதோ நின்றன. தகவல் தொடர்புக் கோபுரங்கள். வானொலி அலைக்கும் நேர்ப்பார்வை வேண்டும்; அதற்காக இடம் தேடியவர்களுக்கும் அந்த மேடுதான் கிடைத்திருக்கிறது. தொலைநோக்கியை மருமகனிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். சூரியன் இறங்குவதற்குள் வெடிப்பு வழியாகக் கீழே இறங்கவேண்டியிருந்தது.